மார்பில் பகை, குடலில் உறவா?

தமிழ்நாட்டின் கோட்டக்குப்பத்துக்குத் தெற்கே புதுச்சேரியின் முத்தியால்பேட்டை. நடுவில் மாநில எல்லை ஓடுகிறது. தெருவில் நடப்பவர் கண்ணுக்கு அது தெரிவதே இல்லை. நோய் என்று வந்துவிட்டால் ஊர்க்காரர்களும் எல்லையைப் பார்ப்பதில்லை. தமிழ்நாட்டிலிருந்து கிளம்பிப் புதுச்சேரியின் கோரிமேட்டில் இறங்கினால் ஜிப்மர் மருத்துவமனை வந்துவிடும். அங்கே மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை பெற்றுத் திரும்பும் பெண்கள் பலரின் மருந்துச் சீட்டில் டமாக்சிஃபென் என்றொரு பெயர் இருக்கும். குறைந்தது ஐந்து வருடம் விடாமல் விழுங்க வேண்டிய மாத்திரை. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் மார்புச் செல்களைத் தூண்டாமல் தடுப்பதுதான் அதன் வேலை.

இந்தச் சீட்டு வீட்டுக்கு வந்ததும் ஒரு முடிவும் கூடவே வந்துவிடுகிறது: ஈஸ்ட்ரோஜன் கூடினால் புற்று வரும். மார்பகத்துக்கும் கருப்பையின் உட்படலத்துக்கும் அது பெரிதும் பொருந்தும். அப்படியானால், முப்பது முப்பத்தைந்து வருடம் ஈஸ்ட்ரோஜனில் ஊறிய பெண்ணுடலில் மற்றப் புற்றுகளும் ஆணைவிட அதிகமாகத்தானே வர வேண்டும்?

பெருங்குடல் இந்தக் கணக்குக்கு ஒத்துவரவில்லை. பெருங்குடலும் மலக்குடலும் சேர்ந்த புற்று 2020இல் உலகம் முழுவதும் ஏறத்தாழ 19 லட்சம் பேருக்குப் புதிதாக வந்தது. வயது வித்தியாசங்களைச் சமன்செய்து பார்த்தால் லட்சம் ஆண்களில் சுமார் 23 பேருக்கு, லட்சம் பெண்களில் சுமார் 16 பேருக்கு. இந்தியாவில் விகிதம் இதைவிட மிகக் குறைவு என்றாலும் ஆண்கள்தான் முன்னால் நிற்கிறார்கள்.

பீடியும் சாராயமும் இறைச்சியும்தான் காரணம் என்று சட்டென்று சொல்லிவிடலாம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் முதல் துப்பு கிடைத்ததோ, புகைக்கும் குடிக்கும் பெரிய இடமில்லாத ஒரு வீட்டிலிருந்து.

கன்னியர் மடத்து மரணப் பதிவுகள்

1969இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீகளின் மரணப் பதிவுகளை எடுத்துப் புற்றுநோய் இறப்புகளைக் கணக்கிட்டார்கள். கன்னியாஸ்திரீகளுக்கு மார்பகப் புற்று அதிகம் என்பது புதிய செய்தி இல்லை. இத்தாலிய மருத்துவர் ராமாஸ்ஸினி பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அதை எழுதிவைத்திருந்தார். பெருங்குடல் புற்றும் அவர்களிடம் அதிகம் என்பதுதான் புதிது. புகையும் குடியும் இல்லாத, ஒழுங்கான நேரத்துக்குச் சாப்பிட்டு ஒழுங்கான நேரத்துக்கு உறங்கும் பெண்கள். வெளியே இருக்கும் பெண்களுக்கும் அவர்களுக்கும் உள்ள பெரிய வேறுபாடு, அவர்கள் பிள்ளை பெறாதவர்கள் என்பதே. கர்ப்பகாலத்தில் ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்டிரோனும் பல மடங்கு உயரும். அந்த வெள்ளம் அவர்கள் உடலில் ஒருமுறைகூடப் பாய்ந்ததில்லை.

1980இல் மெக்மைக்கேல், பாட்டர் என்ற இருவர் இப்படிச் சிதறிக் கிடந்த துப்புகளையெல்லாம் ஒரே கட்டுரையில் கோத்தார்கள். பெண் ஹார்மோன்கள் கல்லீரல் சுரக்கும் பித்தநீரின் சேர்மானத்தை மாற்றுகின்றன, அதனால் பெருங்குடல் தப்பிக்கிறது என்பது அவர்கள் முன்வைத்த ஊகம். பித்தநீர் விளக்கம் பாதிக் கதைகூட இல்லை என்று பின்னால் தெரியவந்தது. கேள்வி மட்டும் அழுத்தமாக நின்றுவிட்டது.

16,608 பெண்கள்

பதிவேடுகளைப் புரட்டிக் கிடைக்கும் துப்பில் ஒரு சிக்கல் உண்டு. மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் மாத்திரை சாப்பிடும் பெண் பொதுவாக வசதியானவள், அடிக்கடி மருத்துவரைப் பார்ப்பவள், உடம்பைக் கவனிப்பவள். அவளுக்குப் புற்று குறைந்தால் பெருமை மாத்திரைக்கா, வசதிக்கா? இதைப் பிரித்தறிய ஒரே வழி, சீட்டுக் குலுக்கிப் போட்டு யாருக்கு மாத்திரை, யாருக்கு வெறும் மாவு மாத்திரை என்று தீர்மானிப்பது.

1990களில் அமெரிக்காவில் அது நடந்தது. ‘பெண்கள் நல முயற்சி’ என்ற பெரும் ஆய்வின் ஒரு பிரிவில் 16,608 பெண்கள் சேர்ந்தார்கள். எல்லோரும் 50 முதல் 79 வயது வரையிலானவர்கள், மாதவிடாய் நின்றவர்கள். 8,506 பேருக்குத் தினமும் ஈஸ்ட்ரோஜனும் செயற்கை புரொஜெஸ்டிரோனும் கலந்த மாத்திரை. மீதி 8,102 பேருக்கு மருந்தில்லா மாத்திரை. அந்த ஈஸ்ட்ரோஜன் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று கேட்டால் பலர் முகம் சுளிப்பார்கள்: சினைப்பட்ட குதிரைகளின் சிறுநீரிலிருந்து.

எட்டரை வருடம் நடக்க வேண்டிய சோதனையை 2002 ஜூலையில், சராசரியாக 5.2 வருடத்திலேயே நிறுத்திவிட்டார்கள். மாத்திரை எடுத்தவர்களிடம் மார்பகப் புற்று, மாரடைப்பு, பக்கவாதம், இரத்தக்கட்டு எல்லாமே கூடியிருந்தன. உலகமெங்கும் பெண்கள் ஒரே இரவில் மாத்திரையைத் தூக்கி எறிந்தார்கள். அந்தக் கெட்ட செய்திக் குவியலுக்குள் புதைந்து கிடந்தது ஒரு நல்ல செய்தி.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். 2004இல் வெளியான விவரப்படி, மருந்து எடுத்தவர்களில் 43 பேருக்குப் பெருங்குடல் அல்லது மலக்குடல் புற்று. எடுக்காதவர்களில் 72 பேருக்கு. ஆயிரம் பேருக்கு என்று மாற்றினால் ஒரு பக்கம் ஐந்து, இன்னொரு பக்கம் ஒன்பது. ஏறக்குறைய பாதி. உணவை மாற்றியோ உடற்பயிற்சி செய்தோ இவ்வளவு குறைத்துக் காட்டிய சோதனை எதுவும் அதுவரை இல்லை.

செய்தித்தாள்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். ஆய்வாளர்கள் நிறுத்தவில்லை; புற்றுக்கட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். மருந்து எடுக்காதவர்களிடம் ஏறத்தாழ பாதிக் கட்டிகள்தான் குடலைத் தாண்டிப் பரவியிருந்தன. மருந்து எடுத்தவர்களிடமோ நான்கில் மூன்று. எண்ணிக்கை குறைவு, ஆனால் வந்தவை முற்றிய நிலையில் வந்திருந்தன. பல வருடம் தொடர்ந்து கவனித்தபோது பெருங்குடல் புற்றால் இறந்தவர்களின் எண்ணிக்கையிலும் மாத்திரைக்காரர்களுக்கு எந்த லாபமும் தெரியவில்லை.

முடிச்சு இன்னும் இறுகியது. கர்ப்பப்பை எடுக்கப்பட்ட 10,739 பெண்களை வைத்து இணையாக நடந்த சோதனையில் ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்தார்கள். அங்கே பெருங்குடல் புற்று கூடவுமில்லை, குறையவுமில்லை. பாதுகாத்தது ஈஸ்ட்ரோஜன்தான் என்றால் தனியாக வந்தபோது அது ஏன் கையைக் கட்டிக்கொண்டு நின்றது? புரொஜெஸ்டிரோன் சேர்ந்தால்தான் பலனா? இல்லை, ஆய்வில் சேரும்போது இப்பெண்களின் சராசரி வயது 63ஐ ஒட்டி இருந்ததே, மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்கு மேலான குடலுக்கு ஹார்மோன் தாமதமாக வந்து சேர்ந்ததா?

பதில் தேட மாத்திரையை விட்டுவிட்டு, அதை வாங்கிக்கொள்ளும் செல்லைப் பார்க்க வேண்டும்.

இரண்டு ஏற்பிகள்

ஹார்மோன் இரத்தத்தில் உடல் முழுக்கச் சுற்றுகிறது. ஆனால் தன்னைப் பிடித்துக்கொள்ளும் புரதம் எந்தச் செல்லில் இருக்கிறதோ அங்கேதான் அதற்கு வேலை. அப்புரதத்துக்குப் பெயர் ஏற்பி. சிகாகோவில் எல்வுட் ஜென்சன் என்ற ஆய்வாளர் 1950களின் கடைசியில் கதிரியக்க அடையாளம் இட்ட ஈஸ்ட்ரோஜனை எலிகளுக்குச் செலுத்தி, கருப்பை அதைப் பிடித்து வைத்துக்கொள்வதைக் கண்டார். மார்பகப் புற்று மருத்துவம் அந்தக் கண்டுபிடிப்பின் மேல்தான் எழுந்தது.

அதன்பின் ஏறத்தாழ நாற்பது வருடம், ஈஸ்ட்ரோஜனுக்கு ஒரே ஒரு ஏற்பிதான் என்று எல்லோரும் நம்பினார்கள். 1996இல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யான்-ஆக்கே குஸ்டாஃப்சனின் குழு இரண்டாவது ஏற்பியைக் கண்டுபிடித்தது. அது கிடைத்த இடம் ஆண் எலியின் புராஸ்டேட் சுரப்பி. பழையதற்கு ஆல்ஃபா என்றும் புதியதற்கு பீட்டா என்றும் பெயர் வைத்தார்கள்.

மார்பகத்திலும் கருப்பையிலும் பெருகச் சொல்லும் ஆணை ஆல்ஃபா வழியாகப் போகிறது. பெருங்குடலின் உள்வரிச் செல்களில் ஆதிக்கம் பீட்டாவுக்கு. அது பெரும்பாலும் எதிர்த் திசையில் பேசுகிறது: பிரிவதை நிறுத்து, முதிர்ந்துகொள், கெட்டுப்போயிருந்தால் செத்துவிடு. கோட்டக்குப்பத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள் வரும். அங்கே ஒரு மழை பெய்தால் உப்புக்காரர் தலையில் கை வைப்பார். அதே மழைக்கு வானூர்ப் பக்கத்து மானாவாரி நிலத்துக்காரர் வானத்தைக் கும்பிடுவார். ஈஸ்ட்ரோஜன் கதையும் ஏறக்குறைய இதுதான். டமாக்சிஃபெனே இதற்குச் சாட்சி. மார்பில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் அதே மாத்திரை, கருப்பையின் உட்படலத்தில் ஈஸ்ட்ரோஜனைப் போலவே நடந்து அதைத் தடிக்க வைக்கும்.

ஒரு செல் தடிமனுள்ள சுவர்

பெருங்குடலின் உட்புறம் ஒரே ஒரு அடுக்குச் செல்லால் ஆனது. அதற்கு அந்தப் பக்கம் கோடானுகோடி நுண்ணுயிர்கள். இந்தப் பக்கம் நம் இரத்தமும் நோய் எதிர்ப்புச் செல்களும். அடுக்கில் உள்ள செல்கள் நான்கைந்து நாட்களில் தேய்ந்து உதிர்ந்துவிடும். சுவரில் உள்ள நுண்ணிய குழிகளின் அடியில் இருக்கும் மூலச்செல்கள் ஓயாமல் பிரிந்து அந்த இடங்களை நிரப்புகின்றன. வாழ்நாள் முழுதும் இவ்வளவு வேகமாகப் பிரியும் இடத்தில் மரபணுப் பிழை விழுவதில் ஆச்சரியமில்லை.

செல்லும் செல்லும் சேரும் இடுக்குதான் பலவீனமான இடம். 2009இல் பிரான்சின் துலூஸ் நகரத்து ஆய்வாளர்கள் எலிகளில் ஒன்றைக் காட்டினார்கள்: ஈஸ்ட்ரோஜன் பீட்டா ஏற்பி வழியாக இந்த இடுக்கை இறுக்கும் புரதங்களைக் கூட்டுகிறது, குடலின் கசிவு குறைகிறது. இடுக்கு தளர்ந்தால் நுண்ணுயிர்களின் துணுக்குகள் உள்ளே கசியும். எதிர்ப்புச் செல்கள் விழித்துக்கொள்ளும். செல்லுக்குள் என்.எஃப்.-கப்பா-பி என்ற புரதம் உசுப்பப்பட்டு, அழற்சியைக் கிளப்பும் வேதிப்பொருள்கள் வரிசையாக உற்பத்தியாகும். சிவந்து, வீங்கி, புண்ணாகும் இந்த நிலைதான் அழற்சி. புண்ணை ஆற்ற மூலச்செல்கள் இன்னும் வேகமாகப் பிரியும். பிழைகளும் அதே வேகத்தில் கூடும். பீட்டா ஏற்பி இந்தச் சங்கிலியையும் இழுத்துக் கட்டுப்படுத்துகிறது.

இதை மனிதரில் பார்க்க வேண்டுமென்றால், பெருங்குடல் வருடக்கணக்கில் புண்ணாகிக் கிடக்கும் நோயாளிகளைப் பார்க்க வேண்டும். இரத்தமும் சளியுமாக ஒரு நாளைக்குப் பத்து முறை போகும் ‘அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்’, அதாவது புண் அழற்சி நோய், இந்தியாவிலும் குறைவில்லை. இதனால் அவதிப்படுவோருக்கு ஆண்டுகள் ஏற ஏறப் பெருங்குடல் புற்று அபாயமும் ஏறும். ஸ்வீடனில் இத்தகைய குடல் அழற்சி நோயாளிகள் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்தபோது, புற்று அபாயம் பெண்களைவிட ஆண்களுக்கு 60 சதவீதம் கூடுதலாக இருந்தது. அதைவிடச் சுவையான தகவல் அடுத்து வருகிறது: அந்த வித்தியாசம் 45 வயதுக்கு முன் நோய் கண்டவர்களிடம் மட்டுமே இருந்தது. அதற்குப் பின் நோய் தொடங்கியவர்களில் ஆணும் பெண்ணும் ஒன்று. 45ஐத் தாண்டியதும் பெண்ணுடலில் என்ன குறையத் தொடங்குகிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை. (மாதவிடாய் நிற்கும் சராசரி வயது மேலைநாடுகளில் 51, இந்தியாவில் 46, 47.)

இதற்கு நேர் முரணாகவும் ஒரு தகவல் உண்டு. மறைத்தால் அது நேர்மையாகாது. மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் மாத்திரை எடுத்த அமெரிக்கச் செவிலியர்களிடம் புண் அழற்சி நோய் மற்றவர்களைவிட அதிகமாகவே காணப்பட்டது. உடல் தானாகச் சுரந்த காலத்து ஈஸ்ட்ரோஜனும், ஓய்ந்த பிறகு வாய் வழியாக வந்த ஈஸ்ட்ரோஜனும் குடலுக்கு ஒன்றில்லை போலும்.

எலிகளின் சண்டை

இந்த முரணை அவிழ்க்க ஆய்வகங்கள் ஒரே வகைச் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்கின்றன. எலிக்கு மரபணுவைக் கெடுக்கும் ஒரு வேதிப்பொருளை ஊசியாகப் போடுவார்கள். பிறகு குடிதண்ணீரில் குடற்சுவரை அரிக்கும் ஒரு பொருளைச் சில நாள் கலந்து கொடுத்து நிறுத்துவார்கள், மறுபடி கொடுப்பார்கள். சில மாதங்களில் பெருங்குடலில் கட்டிகள் முளைத்துவிடும். மனிதருக்கு முப்பது வருடத்தில் நடப்பதை எலிக்கு ஒரு பருவத்துக்குள் நடத்திக் காட்டும் ஏற்பாடு இது.

தென்கொரியக் குழு ஒன்று இதைச் செய்தபோது ஆண் எலிகளுக்கே கட்டிகள் அதிகம் வந்தன. அந்த ஆண் எலிகளுக்கு ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்டதும் அழற்சியும் கட்டியும் குறைந்தன. வெற்றி என்று சொல்லிவிடலாம். ஆனால் 2014இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் சூலகம் நீக்கிய பெண் எலிகளுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்து அதே சோதனையை நடத்தினார்கள். கட்டிகள் கூடிவிட்டன.

யார் சொல்வது சரி? இரண்டும் சரியாக இருக்க முடியும் என்பதுதான் இன்றைய கணிப்பு. ஸ்வீடன் குழு குடற்செல்களில் மட்டும் பீட்டா ஏற்பியை நீக்கிய எலிகளை உருவாக்கி, 2020இல் முடிவுகளை வெளியிட்டது. ஆண், பெண் இரண்டிலும் புற்று மோசமானது. பாதுகாப்பு பீட்டாவிடம் இருப்பது உறுதியானது. ஈஸ்ட்ரோஜனோ ஆல்ஃபாவையும் சேர்த்தே தூண்டுகிறது. பீட்டா நிறைந்த குடலில் கூட்டு விளைவு நன்மைப் பக்கம் சாயலாம். ஏற்கெனவே அரிக்கப்பட்டுப் புண்ணான குடலில் எந்தப் பக்கம் சாயும் என்பது எப்போது, எவ்வளவு, எந்த எலிக்கு என்பதைப் பொறுத்தது.

மனிதக் குடலிலும் இதற்கொரு பொருத்தம் தெரிகிறது. சாதாரணச் சுவரில் நிறைய இருக்கும் பீட்டா ஏற்பி, பாலிப் எனப்படும் சதைமொட்டில் குறைகிறது. மொட்டு புற்றாகி முற்ற முற்ற இன்னும் குறைகிறது. வாங்கிக்கொள்ளும் ஏற்பியே போய்விட்ட கட்டிக்கு ஈஸ்ட்ரோஜனைக் கொட்டி என்ன பயன்? 63 வயதில் மாத்திரை தொடங்கிய அமெரிக்கப் பெண்களில் சிலரின் குடலில் அந்த மொட்டு முன்பே முளைத்திருக்கக்கூடும். மொட்டு புற்றாகப் பத்து வருடமோ அதற்கு மேலோ பிடிக்கும். சோதனை ஓடியதோ ஐந்து வருடம். பீட்டாவை மட்டும் தூண்டி ஆல்ஃபாவைத் தொடாத மருந்துகளை வேதியியலாளர்கள் செய்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பெருங்குடலுக்கென்று இன்னும் எதுவும் மருந்துக்கடைக்கு வரவில்லை.

அதுவரை சோயா சாப்பிடலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சோயாவில் உள்ள ஜெனிஸ்டீன் என்ற பொருள் ஆல்ஃபாவைவிட பீட்டாவோடு நன்றாக ஒட்டுகிறது என்பது நிஜம். அதைத் தின்றால் மனிதருக்குப் பெருங்குடல் புற்று தடுக்கப்படும் என்பதற்கு மேலே பார்த்தது போன்ற குலுக்கல் சோதனைச் சான்று கிடையாது. சோயாவும் பயறும் நல்ல உணவு. அந்த அளவில் நிறுத்திக்கொள்வது நல்லது.

ஒரு இரத்தம் இன்னொன்றை மறைக்கும்

அமெரிக்கச் சோதனையில் மாத்திரை எடுத்தவர்களின் புற்று ஏன் முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்பட்டது? ஹார்மோன் கலவை எடுத்த பெண்கள் பலருக்கு நின்றுபோன இரத்தப்போக்கு மறுபடி தலைகாட்டியது. அப்படிப் போக்கு இருந்தவர்களை மட்டும் தனியே எடுத்து, மாத்திரை எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் ஒப்பிட்டபோது, எடுத்தவர்களின் புற்றே நிணநீர்க் கணுக்களில் அதிகம் பரவியிருந்தது. இது பின்னோக்கிச் செய்த சிறு கணக்கு, நிரூபணம் ஆகாது. ஆனாலும் இப்படி யோசிக்க இடம் தருகிறது: இரத்தத்தைக் கண்ட பெண் அது மாத்திரையின் வேலை என்று விட்டுவிட்டால், குடலிலிருந்து வரும் இரத்தமும் அதே கணக்கில் எழுதப்பட்டுவிடும்.

ஹார்மோன் மாத்திரையே சாப்பிடாத நம் ஊர்ப் பெண்களுக்கு இந்த இடம்தான் மிக நெருக்கமானது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. சோகை என்றால் எல்லோரும் தீட்டுப்போக்கையும் சத்துக்குறைவையும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். மாதவிடாய் நின்று ஐந்து வருடம் ஆன அம்மாவுக்கும் அதே விளக்கம், அதே இரும்புச்சத்து மாத்திரை என்றாகும்போதுதான் தவறு நேர்கிறது. ஆண்களோடு ஒப்பிட்டால் பெண்களுக்குப் பெருங்குடலின் வலப்பக்கத்தில் புற்று வருவது அதிகம். வலப்பக்கம் அகலமானது, அங்கே மலமும் இளக்கமாக இருக்கும். கட்டி பெரிதாகும்வரை அடைப்பும் இல்லை, வலியும் இல்லை. இரத்தம் கசியும், ஆனால் மலத்தோடு கலந்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். வெளியே தெரிவது மூச்சிரைப்பும் சோர்வும் வெளுத்த நகமும்தான்.

இடப்பக்கத்திலோ மலக்குடலிலோ கட்டி இருந்தால் இரத்தம் கண்ணில் படும். அப்போது வேறொரு விளக்கம் தயாராகக் காத்திருக்கிறது. நம் ஊர்ச் சுவர்களில் சினிமா போஸ்டருக்கு அடுத்தபடி அதிகம் ஒட்டப்படுவது ‘மூலம், பௌத்திரம்’ விளம்பரம். ஆசனவாயில் இரத்தம் என்றாலே மூலம் என்று ஊரே நம்புவதற்கு அந்தச் சுவர்களுக்கும் பங்குண்டு. வெட்கம் ஒருபக்கம், விளம்பரம் மறுபக்கம். நடுவில் மாதங்கள் ஓடிவிடும்.

மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு இரும்புச்சத்துக் குறைவால் சோகை என்று உறுதியானால், வாய் வழியாகவும் ஆசனவாய் வழியாகவும் குழாய்க் கேமரா விட்டு இரைப்பையையும் பெருங்குடலையும் பார்க்க வேண்டும் என்பது குடல்நோய் மருத்துவர்களின் பொது விதி. கோட்டக்குப்பத்தாருக்கு ஜிப்மரின் இரைப்பை-குடல் பிரிவு கிட்டத்தில் இருக்கிறது. விழுப்புரம் பக்கத்தாருக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தேசியத் தொற்றாநோய்த் திட்டத்தில் 30 வயதைத் தாண்டியவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுகளைத்தான் தேடுகிறார்கள். பெருங்குடல் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே சத்து மாத்திரையை வாங்கும்போதே, மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்துக்கும் சோதனை எழுதித் தருவீர்களா என்று நோயாளியோ கூட வந்த மகளோதான் கேட்க வேண்டியிருக்கிறது.